குல்மார்க் பனியில் நடந்தோம்

டில்லிக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் நாங்கள் பனியைக் கண்ணால் கண்டதில்லை. வடக்கே இத்தனை தூரம் வந்தவர்கள் இன்னும் ஒரு நாள் பிரயாணம் செய்தால் பனிமலையை அடைந்துவிடலாம் என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. ஆயினும் நமக்குக் கிடைக்கும் விடுமுறையெல்லாம் தெற்கு நோக்கியே ஓடிவிடுகிறது. தங்கை மகள் கல்யாணம், ஊர்க் கோயில் கொடை, மாமனாருக்குக் கண் சிகிச்சை என்று ஆண்டுக்கொரு காரணம் வந்து வாய்க்கும். இவ்வாண்டு அவ்வாறு ஒன்றும் வாய்க்கவில்லை. சீட்டுப் பணமும் கைக்கு வந்து சேர்ந்தது. ஆகவே சென்ற பிப்ரவரி நடுவில், தாயார், இல்லத்தரசி, பதின்மூன்று வயது மகள், ஒன்பது வயது மகன் ஆகியோருடன் காஷ்மீரத்துக்குப் புறப்பட்டோம்.

எங்கள் தாயாருக்கு இதில் அவ்வளவு உற்சாகம் இல்லை. "பனி பார்க்கவா இவ்வளவு செலவு? மார்கழியிலே தாமிரபரணிக் கரையில் பார்க்காத பனியா?" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, காலையில் தெருவை மறைக்கும் புகையும் பனி, மலைமேல் ஆளுயரம் குவிந்து கிடப்பதும் பனி என்று நம் மொழியில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாங்கள் ரயில்வேயில் பார்சல் கணக்கு எழுதும் குமாஸ்தா. எனவே பனியைக் காட்டிலும் பாதையைப் பார்க்கும் ஆவலே முதலில் எழுந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உதம்பூரிலிருந்து ஸ்ரீநகர் வழியாகப் பாரமுல்லா வரை 272 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை பல்லாண்டுகளாகத் துண்டு துண்டாகத் திறக்கப்பட்டு வந்தது. கடைசித் துண்டும் சேர்ந்து, 2025 ஜூன் 6 ஆம் தேதி கட்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. டில்லியிலிருந்து இரவு வண்டியில் கட்ரா சென்று, அங்கிருந்து வந்தே பாரத் வண்டியில் ஏறினோம். தண்ணீர் உறையாதிருக்கவும், முன்கண்ணாடியில் பனி படியாதிருக்கவும் இவ்வண்டிக்கெனத் தனி வெப்பச் சாதனங்கள் பொருத்தியிருக்கிறார்கள்.

சீனாப் ஆற்றின்மேல் உள்ள பாலத்தை வண்டி கடந்தபோது பிள்ளைகள் சன்னலை விட்டு நகரவில்லை. ஆற்றுப் படுகையிலிருந்து அதன் உயரம் 359 மீட்டர். நீளம் 1,315 மீட்டர். தாயாரோ கண்களை இறுக மூடிக்கொண்டு, "பாலம் போயிற்றா?" என்று கேட்டவண்ணம் இருந்தார். அதன் பின்னர் சுரங்கம் மாறிச் சுரங்கம். பானிஹாலுக்கு அப்பால் பீர்பஞ்சால் மலையைத் துளைத்துச் செல்லும் சுரங்கம் மட்டுமே பதினொரு கிலோமீட்டருக்கு மேற்பட்டது. 2013 இல் திறந்தது. இருட்டுக்குள் நுழையும்போது பழுப்பு நிறமாக இருந்த உலகம், வெளியே வந்தபோது முழு வெள்ளையாக இருந்தது. வண்டியில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. தாயார் மெல்ல, "இது வேறே பனிதான்" என்றார்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். டங்மார்க் என்னும் ஊர் வரை பாதை சுலபமானது. அங்கே காரை நிறுத்தி, சக்கரங்களுக்கு இரும்புச் சங்கிலி மாட்டிய வண்டியில் மாறிக்கொண்டோம். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும் கனமான மேலங்கியும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. பிறகு தேவதாரு மரங்களினூடே வளைந்து வளைந்து ஏறும் பதின்மூன்று கிலோமீட்டர் மலைப்பாதை. காஷ்மீரத்தார் குளிர்காலத்தை மூன்றாகப் பகுத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 இல் தொடங்கும் நாற்பது நாள் "சில்லாய் கலான்", அதாவது பெரிய குளிர். அடுத்த இருபது நாள் "சில்லாய் குர்த்", சின்னக் குளிர். கடைசிப் பத்து நாள் "சில்லாய் பச்சா", குழந்தைக் குளிர். நாங்கள் சென்றது சின்னக் குளிரின் முடிவில். அந்தச் சின்னக் குளிரே எங்கள் மூக்கையும் காதையும் இருக்கின்றனவோ இல்லையோ என்று தொட்டுப் பார்க்கச் செய்தது. தங்கிய விடுதியில் தாயாருக்கு ஒரு காங்கிரி கொடுத்தார்கள். பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதற்குள் கரி நெருப்பு. அதை மடியருகே வைத்துக்கொண்டு, குங்குமப்பூவும் இலவங்கப்பட்டையும் இட்ட கஹ்வாவைப் பருகியபடி சன்னலோரம் அமர்ந்தவர், நான்கு நாளும் அந்த இடத்தைவிட்டு அதிகம் அசையவில்லை.

குல்மார்க் என்றாலே மலையுச்சியிலிருந்து அம்புபோல் பாய்ந்து வரும் பனிச்சறுக்கு வீரர்களின் படம்தான் நம் மனத்தில் தோன்றும். அது ஒரு வகை. கம்பி ரயில் போன்ற கொண்டோலாவில் ஏறி, அபர்வட் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை சென்று அங்கிருந்து இறங்குகிறார்கள். அந்தச் சரிவுகளில் பனி மொத்தமாகப் பெயர்ந்து விழுவதும் உண்டு. 2024 பிப்ரவரியில் வெளிநாட்டவர் ஒருவர் அவ்வாறு உயிரிழந்தார். குடும்பத்தோடு செல்கிறவர்களுக்கு உரியது அதுவன்று.

நாங்கள் கற்றது வேறு வகை. கிராஸ் கன்ட்ரி ஸ்கீ என்பார்கள்; நாம் நடைச் சறுக்கு எனலாம். பனி மூடிய சமவெளியிலும் சிறு மேடுபள்ளங்களிலும் பலகைகளை அணிந்து நடந்து செல்வதே அது. மலைச்சரிவு வகையில் பாதம் முழுவதும் பலகையோடு பிணைந்திருக்கும். இதிலோ முன்கால் விரல்பக்கம் மட்டுமே பிணைந்திருக்க, குதிகால் தாராளமாக மேலெழும். பலகை ஒல்லியாகவும் ஆளைவிட ஒரு சாண் நீளமாகவும் இருக்கும். அடிப்புறத்தில் நடுப்பகுதியில் மட்டும் மீன் செதில் போன்ற வரிகள் செதுக்கியிருக்கும். ஒரு காலை அழுத்தி உதைக்கும்போது அவ்வரிகள் பனியைக் கவ்விக்கொள்ளும். எடையை மற்றொரு காலுக்கு மாற்றியதும் பலகை வழுக்கிச் செல்லும். உதைத்தல், வழுக்குதல், மறுபடி உதைத்தல். கக்கத்தளவு உயரமுள்ள இரண்டு ஊன்றுகோல்கள் கைக்குத் துணை. வித்தை இவ்வளவே.

மரத்தைப் பிளந்து எடுத்த துண்டு என்பதே நார்வே மொழியில் ஸ்கீ என்னும் சொல்லின் பழம்பொருள். அந்த நாடுகளில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை அணிந்து நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டன்று. வேட்டைக்கும் விறகுக்கும் போகும் வழி. 1911 டிசம்பரில் அமுண்ட்சென் தென்துருவத்தை முதன்முதலில் அடைந்ததும் நாய்வண்டியோடு இதன் துணையினால்தான். குல்மார்க்கில் ஆங்கிலேயர்கள் 1927 இலேயே சறுக்குச் சங்கம் ஒன்று அமைத்தனர். 2020 முதல் நடைபெற்று வரும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளில் நடைச் சறுக்குக்கும் இடமுண்டு. பனியே விழாத குடகு நாட்டிலிருந்து வந்த பவானி தெக்கட நஞ்சுண்டா என்னும் பெண்மணி அதில் பதக்கங்கள் பெற்றிருக்கிறார். இதைக் கேட்டதும் எங்கள் மகளின் நிமிர்வே வேறாகிவிட்டது.

கடைகளில் பெரும்பாலும் சரிவில் இறங்கும் கனத்த பலகைகளையே வைத்திருக்கிறார்கள். ஒல்லிப் பலகைகளைத் தேடிப் பெறுவதில் முதல் நாள் காலைப்பொழுது கழிந்தது. கற்பிக்க ஓர் இளைஞர் அமைந்தார். உருதுவில் மிகவும் மரியாதையாகப் பேசினார். முதற்பாடம் விழுவது. பக்கவாட்டில் விழ வேண்டும். பலகைகளை இணையாக வைத்துக்கொண்டு, முழங்காலில் எழ வேண்டும். நாங்கள் அதைக் கற்பதற்குச் சிறிதும் சிரமப்படவில்லை, கால்மணி நேரத்தில் பதினாறு தடவை விழுந்தோம். இளையவன் எண்ணினான். மேட்டில் ஏறுவதற்குப் பலகைகளின் முனையை அகற்றி, குதியைச் சேர்த்து, மீன்முள் போலத் தடம் பதித்து ஏறவேண்டும். இறங்கும்போது முனையைச் சேர்த்துக் குதியை அகற்றினால் வேகம் அடங்கும்.

எங்களுள் முதலில் தேறியது இல்லத்தரசி. வருவதற்கு முன் இரண்டு வாரம் "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவந்தவள், மதியத்துக்குள் நூறடி தூரம் விழாமல் சென்று திரும்பினாள். சிறுவயதில் தலையிலும் இடுப்பிலும் குடம் வைத்து வாய்க்கால் வரப்பில் நடந்த பழக்கம் என்றாள். மேஜைமுன் குனிந்தே பதினைந்து வருஷம் கழித்த எங்களுக்கு அப்படியொரு பழக்கம் ஏது?

பிள்ளைகள் இருவர் கழுத்திலும் ஆசிரியர் ஆளுக்கொரு ஊதலைக் கட்டிவிட்டார். கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் மூன்று தடவை ஊதவேண்டும், நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவைத்தார். இளையவன் அன்று முழுவதும் ரயில்வே கார்டாகிவிட்டான். எதற்கெடுத்தாலும் ஊதல். இரண்டாம் நாள் காலையில் விடுதியில் பலர் உறங்கிக்கொண்டிருக்கையில் ஊதியபோது, "இன்னொரு தடவை ஊதினால் பிடுங்கி எறிந்துவிடுவோம்" என்று அதட்டினோம். அதட்டியது நாங்கள்தாம், இல்லத்தரசிக்கு அதில் பங்கில்லை.

அன்றிரவு மகள் தம்பிக்கு ஒரு நார்வேக் கதை படித்துச் சொன்னாள். 1206 ஆம் ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர். அரசுக்கு உரிய ஆக்கோன் இரண்டு வயதுக் குழந்தை. பகைவர் கையில் சிக்காதிருக்க, பிர்க்கபைனர் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த வீரர் இருவர் சறுக்குப் பலகை அணிந்து அக்குழந்தையைச் சுமந்துகொண்டு மலையைக் கடந்தனர். அக்குழந்தை பின்னர் மன்னனாயிற்று. அதன் நினைவாக 1932 முதல் அங்கே 54 கிலோமீட்டர்ப் பந்தயம் நடைபெறுகிறது. குழந்தைக்குப் பதிலாக ஒவ்வொருவரும் மூன்றரைக் கிலோ மூட்டையை முதுகில் சுமக்க வேண்டுமாம். இளையவன் உடனே தன் பையில் தண்ணீர்க் குப்பி, முறுக்கு டப்பா, ஆச்சியின் கம்பளித் துண்டு எல்லாவற்றையும் திணித்து, அதற்கு இளவரசன் என்று பெயரும் இட்டான்.

மூன்றாம் நாள் நாங்கள் ஒரு பிழை செய்தோம். இரண்டு நாளில் கற்க வேண்டியதையெல்லாம் கற்றுவிட்டோம் என்று எண்ணி, ஆசிரியருக்கு அன்று கூலி கொடுக்க வேண்டாமென்று தீர்மானித்தோம். இல்லத்தரசி, "இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே, ஏங்க" என்றாள். நாங்கள் செவி கொடுக்கவில்லை. மிச்சமானது எவ்வளவு என்பதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

குல்மார்க் ஒரு பெரிய கிண்ணம் போன்றது. 2,650 மீட்டர் உயரத்தில் நடுவே அகன்ற புல்வெளி. கோடையில் அது கால்ஃப் மைதானம். சுற்றிலும் தேவதாருக் காடு. நடுவில் ஒரு மேட்டின்மேல் ராணி கோயில் எனப்படும் சிவன் கோயில். வேறொரு பக்கத்தில் பழைய கிறிஸ்தவ ஆலயம். காலையில் வானம் நீலமாயிருந்தது. கோயில் மேட்டின் அடிவரை சென்று கும்பிட்டு, வெளியைக் குறுக்கே கடந்து காட்டோரம் வரை போனோம். நம் பலகைகள் எழுப்பும் "சர்ர், சர்ர்" என்னும் ஓசையைத் தவிர வேறு ஒலி கிடையாது. திரும்பிப் பார்த்தால் வெள்ளை வெளியில் நாங்கள் வந்த எட்டுக் கோடுகள் மட்டும் நீண்டு கிடந்தன. மரத்தடியில் அமர்ந்து, இல்லத்தரசி கட்டிவந்த புளியோதரையை உண்டோம். கல்போல் உறைந்திருந்த அதை அன்றுபோல் என்றும் ருசித்ததில்லை.

திரும்பும்போது மணி இரண்டரை. இளையவன் இளவரசனைச் சுமந்துகொண்டு முன்னே போனான். கூப்பிடும் தூரத்தில்தான் போனான். அப்போது மலைமேல் கிடந்த மேகம் இறங்கி வந்து கிண்ணத்தை நிரப்பியது. டில்லி மூடுபனியில் ஐந்தடிக்கு அப்பால் தெரியாது. ஆயினும் தரை எது, வானம் எது என்பது தெரியும். இங்கே அதுவும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. நின்றுகொண்டிருக்கும்போதே சாய்ந்து விழுகிறோமோ என்று தோன்றியது. மேலிருந்து பனியும் தூவத் தொடங்கிற்று. இளையவனைக் காணவில்லை.

பெயர் சொல்லிக் கூவினோம். எங்கள் குரலை அந்தப் பனி உறிஞ்சிக்கொண்டது. கைப்பேசி குளிரில் ஏற்கெனவே அணைந்துவிட்டிருந்தது. கால்போன போக்கில் பாய எண்ணிய எங்களை இல்லத்தரசி மேலங்கியைப் பற்றி நிறுத்தினாள். தன் ஊன்றுகோல்கள் இரண்டையும் பனியில் நட்டு, அவற்றின் குறுக்கே தன் சிவப்புச் சால்வையைக் கட்டி, மகளை அங்கே நிறுத்தினாள். "நீ இங்கேயிருந்து அசையாதே. விடாமல் ஊது. எங்களுக்கு உன் சத்தம் கேட்கவேண்டும்" என்றாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். இளையவனின் பலகைகள் சிறியவை. அவற்றின் தடம் எங்களுடையதைவிட நெருக்கமாக இருந்தது. அத்தடத்தைப் பற்றிக்கொண்டு இருவரும் சென்றோம். ஓரிடத்தில் அவன் விழுந்த சிறு பள்ளம் இருந்தது. எழுந்து சென்ற அடையாளம் இருந்தது. தடத்தின்மேல் புதுப்பனி கண்முன்னே நிரம்பிக்கொண்டு வந்தது. அப்பால் சறுக்குவண்டி இழுப்பவர்கள் மிதித்த அகன்ற பாதை குறுக்கிட்டது; அங்கே தடம் கலைந்துபோயிற்று.

பின்னால் எங்கோ மகளின் ஊதல் கேட்டது. மூன்று முறை, சிறிது நேரம் விட்டு மறுபடி மூன்று முறை. அவனிடமும் ஊதல் இருக்கிறதே, அவன் ஏன் ஊதவில்லை? இவ்வெண்ணம் தோன்றியதும் எங்களுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இல்லத்தரசி எங்கள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஏதேனும் சொல்லியிருக்கலாம்.

"ஏலே, ஊதுலே! அப்பா சொல்லுதேன், ஊது! எவ்வளவு வேணுமானாலும் ஊது!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். பன்னிரண்டு ஆண்டு டில்லி வாசமும் அந்தக் குரலில் காணாமற் போயிற்று.

இடப்புறத்தில், முப்பது நாற்பது அடிக்குள், ஊதல் சத்தம் வந்தது.

வேலிக் கம்பம் ஒன்றின் அடியில் அமர்ந்திருந்தான். ஆச்சியின் கம்பளித் துண்டைத் தலையில் சுற்றி, பையை நெஞ்சோடு அணைத்திருந்தான். முறுக்கு டப்பா காலியாயிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "அக்கா ஊதறது கேட்டது. ஆனால் ஊதினால் பிடுங்கிப் போட்டுடுவேன்னு சொன்னீங்களே" என்றான். அவன் அழவில்லை. இதை அவன் குற்றமாகவும் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷமே ஆகியிருக்கும் என்று கடிகாரம் காட்டியது.

ஊதல் ஒலியைப் பிடித்துக்கொண்டு மகளிடம் வந்து சேர்ந்தோம். சிவப்புச் சால்வை பத்தடி தூரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு உதடு வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. பிறகு அவ்வழியே வந்த சறுக்குவண்டிக்காரர் ஒருவர் விடுதி வரை முன்னே நடந்து வழிகாட்டினார். கூலி கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் காலையில் பழைய ஆசிரியரைத் தேடிச் சென்று மறுபடியும் அமர்த்திக்கொண்டோம். நடந்ததைச் சொன்னபோது அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் காட்டோரம் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார். அன்றும் நால்வரும் வெளியைச் சுற்றி வந்தோம். இளையவன் முன்னே செல்ல விரும்பவில்லை; நாங்களும் வற்புறுத்தவில்லை. மதியத்துக்குப் பின் தானே மெல்ல முன்னே போனான்.

போக விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு விஷயம். பருத்தி உள்ளுடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் உடம்பை உறையவைத்துவிடும், கம்பளியே நன்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனிவெளியில் இறங்கக் கூடாது. வெயில் படும் பனி கண்ணைக் கெடுக்கும், முகத்தையும் கருக்கும். எங்கள் மூக்கு இன்னும் தோலுரிந்துகொண்டிருக்கிறது.

பனிக்குள் நடந்ததைத் தாயாரிடம் சொல்லுவதில்லை என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. திரும்பும் வண்டி பீர்பஞ்சால் சுரங்கத்துள் நுழைந்து இருட்டியதும், இளையவன் விளையாட்டாக ஊதலை எடுத்து மூன்று முறை ஊதினான். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லாதிருந்தோம். எப்போதும் அதட்டுகிறவர் ஏன் வாளாவிருக்கிறார் என்று தாயாருக்கு ஐயம் எழுந்தது. பேரனிடம் கேட்டார். அவன் முறுக்கு டப்பா முதல் அனைத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அதன்பின் கட்ரா வரும்வரை தாயார் எங்களோடு பேசவில்லை. சீனாப் பாலத்தைக் கடந்தபோதுகூடக் கண்ணை மூடாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கட்ராவில் இறங்கி மூட்டைகளை எண்ணிக்கொண்டிருக்கையில், "அடுத்த தடவை என்னையும் அந்த வெளிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் நடுவிலே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கிடுதேன்" என்றார்.